கரம்பர்களுக்குச் சாமி கொடுத்தவள்

1964ஆம் வருஷம் மழை விட்ட மாதத்தில், தாராவியில் கலீலுல்லாவின் தோல் பட்டறையில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருத்திதான் பெண். அவள் பெயர் சேசம்மாள்.

முப்பத்தாறு வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் சூசைமாணிக்கம் தோல் பதனிடும் கூடத்தில் ஈரத்தோல் சுமந்தான். ஆறடிக்கு மேல் உயரம். குரல் மட்டும் அந்த உடம்புக்குள் எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருக்கும். மேஸ்திரி நில் என்றால் நிற்பான், போ என்றால் போவான். பதினேழு வருஷத்தில் அவன் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி சேசம்மாள் கேட்டதில்லை.

அந்தச் சொல்லை அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலீலுல்லா அவளை வேலைக்கு எடுத்தது பசை தடவவும் பட்டறை பெருக்கவும்தான். ஒரு ரம்ஜான் மாதத்தில் தைக்கிறவர்கள் மூன்று பேர் ஊருக்குப் போய்விட, கெடு வைத்த தோல் பெட்டிகள் பாதியில் நின்றன. சேசம்மாள் யாரையும் கேட்காமல் குத்தூசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனவர்கள் திரும்பி வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

“எந்திரிச்சு எடத்த விடும்மா” என்றான் ஒருவன்.

“என் தையல்ல ஒண்ணு பிரிஞ்சிருந்தாக் காட்டு, எந்திரிக்கேன்.”

கலீலுல்லா ஆறு பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவற்றை அவள் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது.

அந்தப் பட்டறைக்கு மாட்டுங்காவிலிருந்து ஜம்பு வந்தார். ஜம்புநாதன் என்பது முழுப்பெயர். செம்பூர் ஸ்டுடியோ ஒன்றில் மேத்தா என்ற டைரக்டரிடம் உதவியாளர். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவர் என்பதால் வீட்டில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. கையில் ஒரு சுருட்டிய காகிதம் வைத்திருந்தார். அதை விரித்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கழுத்தில் மண்டையோட்டு மாலை, தலையில் இறகு, இடுப்பில் எலும்பு, நெஞ்சில் ஒரு தோல் கவசம்.

“ஸ்டண்ட் படம் பாய். பிளேன் விழுந்து ஒரு ராஜகுமாரி காட்டுல மாட்டிக்கறா. அங்க இருக்கிற சண்டைக்கார ஜனம் இது. நாப்பது செட் கவசம் வேணும். அஞ்சே வாரம்தான் டயம்” என்றார் ஜம்பு.

கலீலுல்லாவுக்கு முகம் மலர்ந்தது. நாற்பது செட் என்றால் தீபாவளி வரை பட்டறைக்கு வேலை உண்டு.

“ஆளுக்கும் கவலையில்லை” என்று ஜம்பு தொடர்ந்தார். “இங்கேர்ந்தே நாப்பது பேரைப் பிடிச்சுக்கலாம்னுட்டார் டைரக்டர். மேக்கப்புக்கே வேலையில்லை, பார்த்தாலே ஜங்கிலி, காட்டான் மாதிரி இருப்பாங்கறார்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் நடுவில் நின்றுகொண்டு பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சுத்தியல் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றிருந்தன. ஜம்பு காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“சுருட்டாதிய சார்” என்றாள் சேசம்மாள். எழுந்து வந்து படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “இவிய யாரு?”

“அதான் சொன்னேனே. காட்டு ஜனம்.”

“பேரு என்ன?”

“பேரெல்லாம் வைக்கலை.”

“என்ன சாமி கும்புடுதாவ? செத்தாப் பொதைப்பாவளா, எரிப்பாவளா?”

ஜம்பு சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. “அதெல்லாம் கதையிலேயே கிடையாது. கத்துவா, குதிப்பா, ராஜகுமாரியைப் பிடிச்சுண்டு போவா. கடைசியில ஹீரோ வந்து எல்லாரையும் கொன்னுடுவான். இதுல சாமி எதுக்கு?”

“தெரியாம எப்பிடித் தைக்க? சண்டைக்குப் போறவன் எதக் காப்பாத்தணும்னு நெனைக்கான்னு தெரிஞ்சாத்தான் எங்க தோலு கனமா இருக்கணும், எங்க லேசா இருக்கணும்னு தெரியும். இந்தப் படத்துல இருக்கவன் மண்டையோட்டக் கட்டிட்டு ஓடுனா அவன் முட்டிதான் ஒடையும்.”

கலீலுல்லா குறுக்கே வந்தார். “சேசம்மா, ஆர்டரு வந்தது அல்லா பண்ணுன ஒபகாரம். படத்துல உள்ளபடி தச்சுக் குடுத்துருவோம்.”

“தைக்கத்தான் போறேன் மொதலாளி. யாருக்குத் தைக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தைக்கேன்.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது சூசைமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆள் பிடிக்கிறவன் அதற்குள் தெருவுக்கு வந்து போயிருந்தான். உயரத்தைப் பார்த்து சூசைமாணிக்கத்தைத் தலைவன் வேஷத்துக்கு எடுத்துக்கொண்டானாம். பக்கத்துச் சந்தில் பானைக்கு மண் மிதிக்கிற பிச்சையா, துணி மூட்டை சுமக்கிற பூலோகம் என்று தெரிந்தவர்கள் பலரும் அந்த நாற்பதில் இருந்தார்கள்.

“என்ன செய்யணுமாம்?” என்று கேட்டாள்.

“ஊ, ஆன்னு கத்தணுமாம்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.” பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஒடம்பெல்லாம் எண்ணெயில கரியக் கொழச்சுப் பூசுவாவளாம்.”

சேசம்மாள் சோற்றை வடித்தாள். குழம்பைச் சுடவைத்தாள். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினாள்.  வேறு ஆளிடம் அந்தக் கவச வேலையைக் கொடுக்கச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுத்தால் வேறு யாராவது மண்டையோடு தைப்பார்கள். நாற்பது பேரும் கரியைப் பூசிக்கொண்டு ஊ, ஆ என்று கத்துவார்கள். தியேட்டரில் அதைப் பார்க்கிறவர்கள் தாராவி ஆள் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். தன் கையில் இருக்கும்போது அதைச் செய்யவிடுவதில்லை என்று முடிவு செய்தாள். அந்த முடிவுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாளிலிருந்து அவள் அந்தச் சனத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். எழுதிவைக்கவில்லை. ஜெபப் புத்தகம் வாசிக்கத் தெரியுமே தவிர, எழுத்துக்கூட்டி எழுதுவது அவளுக்குக் கஷ்டம். தோலை வெட்டும்போது யோசித்தாள், துளை போடும்போது யோசித்தாள்.

இவர்களிடம் என்ன இருக்கிறது? தோல் இருக்கிறது. தோல் இருக்கிறதென்றால் ஏதோ ஒரு மாடு செத்திருக்கிறது. அந்த மாட்டிடம் இவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அங்கிருந்து பிடித்தாள். உலகத்தில் முதன்முதலாக ஒரு தாய் இருந்தாள். அவளுக்குத் தோல் கிடையாது. வெறும் சதை. வெயில் பட்டால் எரியும், முள் பட்டால் கிழியும். பிள்ளையைத் தூக்கி அணைக்கக்கூட முடியாமல் அழுதுகொண்டு கிடந்தாள். ஒரு கிழட்டு எருமை அவளைப் பார்த்துவிட்டு, என் தோலை எடுத்துக்கொள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடு என்றது. அதனால் அந்தச் சனத்தில் ஒவ்வொருவனும் போட்டிருக்கும் தோல் இரவல். செத்தால் அந்தத் தோலை விரித்து அதன்மேல்தான் புதைப்பார்கள். இரவல் வாங்கியது மண் வழியாகத் திரும்பிப் போய்விடும்.

இரவல் தோலைப் போட்டுக்கொண்டு அட்டூழியம் பண்ண முடியாது அல்லவா? அதிலிருந்து சட்டம் வந்தது. தோல் போடாதவர் மேல் கை வைக்கக் கூடாது. கவசம் இல்லாத எதிரி, பொம்பளை, பிள்ளை, கிழவன், யாராக இருந்தாலும் அந்த ஆதித் தாயைப் போல வெறும் சதைதான். தொட்டால் தாயைத் தொட்ட பாவம்.

சில விஷயங்கள் வேலையிலிருந்தே பிறந்தன. காமிராவுக்கு முன்பக்கம் கட்டு தெரியக் கூடாது என்று ஜம்பு சொல்லியிருந்தார். ஆகவே வார்களை முதுகில் வைத்தாள். முதுகில் வைத்த வாரைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. இன்னொருவன் கட்டிவிட வேண்டும். சரி, இந்தச் சனத்தில் யாரும் தனியாகச் சண்டைக்குப் போக முடியாது; உன் முதுகுக்கு முடிச்சுப் போட்டவன்தான் உன் கூட்டாளி, அவன் சாப்பிடாமல் நீ சாப்பிடக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். ஓரங்களில் மிச்சத் துண்டுகளைச் சிவப்பு நூலால் முடிச்சிட்டு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அதையும் வழக்கமாக்கினாள். சண்டையில் ஒருவனைக் கொன்றவன் தன் கையாலேயே தன் கவசத்தில் ஒரு சிவப்பு முடிச்சுத் தைக்க வேண்டும். அது பெருமைக்கு இல்லை. முடிச்சுத் தைக்கிற நாளில் அவன் யாரோடும் பேசாமல் தனியாக உட்கார வேண்டும்.

பெயர் கடைசியாகத்தான் வந்தது. மாஹிம் கழிமுகத்தில் நீர் வற்றும்போது தெரியும் கறுப்பு வண்டலைப் பார்த்து, ஊரில் குளத்துக்கரம்பை என்போமே, அது மாதிரி இருக்கிறது என்று நினைத்தாள். கரி பூச வேண்டாம். நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்குக் கரம்பை இழுத்துக்கொண்டால் போதும். கரம்பை பூசுகிறவர்கள் கரம்பர்.

ஒரு வாரம் கழித்து முதல் கவசத்தைத் தைத்து முடித்து, ஜம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, டீ ஆறிப்போகும் வரை கேட்டார்.

“சாமிக்கு உருவம்?” என்றார் கடைசியில்.

“உருவம் இல்ல. நாலு கம்பு நட்டு ஒரு முழுத் தோல இழுத்துக் கட்டியிருப்பாவ. நடுவுல ஒரு ஓட்டை. அது வழியா அவ பாத்துக்கிட்டிருக்கா.”

ஜம்பு இரண்டு விரல்களை வட்டமாக்கி ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தார். “சூரியனை அதுக்குப் பின்னாடி வெச்சு ஷாட் எடுத்தா...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “டைரக்டர்ட்ட நான் பேசிக்கறேன். மண்டையோடு வேண்டாம்.”

மேத்தாவுக்குக் கதையைப் பற்றிக் கவலை இல்லை, ஷாட் நன்றாக இருந்தால் போதும். அதனால் அது நடந்தது.

பட்டறைக்கு அளவு கொடுக்க ஒவ்வொருவராக வந்தபோது சேசம்மாள் அவர்களுக்கும் சொன்னாள். நெஞ்சளவு எடுக்கிற நேரத்தில் எருமையின் கதை, தோளில் வாரைப் பூட்டிப் பார்க்கிற நேரத்தில் சட்டம். பிச்சையா கேட்டுவிட்டு, “அக்கா, அப்பம் கரம்பனும் கரம்பனும் எதுக்க எதுக்கப் பாத்தா என்ன சொல்லுவான்?” என்றான்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. “நீயே சொல்லு.”

“‘முதுகு பத்திரம்’ம்பான். மத்தவன், ‘உன் கையில இருக்கு’ம்பான்.”

அவன் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஆளாளுக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எருமையைக் கண்டால் வழிவிட வேண்டும் என்று பூலோகம் சேர்த்தான். வேலை முடிந்து வருகிறவர்கள் சந்தில் எதிர்ப்பட்டால் முதுகு பத்திரம் என்றார்கள். நாற்பது பேரில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். கரம்பர் விஷயத்தில் யாருக்கும் சண்டை வரவில்லை.

சண்டை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் ஏசுதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை நிறுத்தினார்.

“சேசம்மா, நீ புதுசா ஒரு சாமி உண்டாக்கியிருக்கியாமே?”

“சினிமாவுக்கு உபதேசியாரே.”

“வேற தேவன் ஆகாதுங்கற முதல் கட்டளை சினிமாவுக்கு வேற, நமக்கு வேறன்னு எங்கயும் எழுதியிருக்கா? நம்ம பிள்ளைய தெருவுல நின்னு தோலுக்குக் கும்புடு போட்டு வெளையாடுது. உன் மகளும் அதுல நிக்கா.”

 அன்றைக்கு முழுவதும் அவள் ஊசியைத் தொடவில்லை. பயம் உண்மையான பயம். அவள் தினமும் ஜெபமாலை சொல்கிறவள். ஆனால் கவசங்கள் இருபத்தாறு முடிந்திருந்தன, பதினான்கு பாக்கி இருந்தன. அரைகுறையாக விடவும் மனம் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் முன், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் கோவாக்காரர், தமிழ் தெரியாது. அவள் தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் எருமை, தாய், சட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து முழுவதையும் கேட்டார்.

“நீ அதை நோக்கி ஜெபிக்கிறாயா?” என்று கேட்டார்.

“இல்ல ஃபாதர். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நான்தான செஞ்சேன்.”

“அப்படியானால் தைத்து முடி. ஆனால் பிள்ளைகளிடம் அது கதை என்று சொல்லிவிடு.” ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். எழுந்திருக்கப் போனவளைக் கூப்பிட்டு, “தோல் இல்லாதவரைத் தொடாதே என்றாயே, அது நல்ல சட்டம்” என்றார்.

அவள் அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது அக்கா கட்டின கதை, கும்பிடக் கூடாது என்று சொன்னாள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு, செத்த எருமைக்குத் தோல் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார்கள். சேசம்மாள் ஏசுதாஸைப் போய்ப் பார்த்து, சொல்லிவிட்டேன் என்றாள். அவர் அதோடு விட்டுவிட்டார், ஆனால் ஒரு மாதம் அவளிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை.

ஷூட்டிங் செம்பூருக்கு அப்பால், டிராம்பே போகும் சாலையை ஒட்டிய ஒரு பொட்டல் குன்றில் நடந்தது. வார் அறுந்தால், தையல் விட்டால் பார்த்துக்கொள்ள சேசம்மாளும் வர வேண்டும் என்று ஜம்பு கேட்டிருந்தார். முதல் நாள் காலை நாற்பது பேரும் கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவன் முதுகில் ஒருவன் முடிச்சுப் போட்டு, நெற்றியில் கரம்பை இழுத்துக்கொண்டு, கையில் மர வேல் பிடித்துக் குன்றின்மேல் வரிசையாக நின்றபோது, லைட் தூக்குகிறவர்கள் கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். யாரும் ஊ, ஆ என்று கத்தவில்லை. தலைவன் இடத்தில் சூசைமாணிக்கம் நின்றான். பதினேழு வருஷமாகத் தோல் சுமந்து வளைந்திருந்த முதுகு அன்றைக்கு நேராக இருந்ததை அவள் கவனித்தாள்.

பன்னிரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் மேத்தா புதிதாக ஒரு காட்சியைக் கொண்டுவந்தார். படத்துக்குப் பணம் போட்டவர் கேட்டாராம். ராஜகுமாரியைக் கம்பத்தில் கட்டிவைத்து, கரம்பர்கள் தங்கள் தேவிக்குப் பலி கொடுக்க வேண்டும். தலைவன் கத்தியை ஓங்க வேண்டும். அந்த நேரம் ஹீரோ குதிரையில் வந்து குதிப்பான்.

ராஜகுமாரியாக நடித்த மிஸ் குல்நார் கம்பத்தில் கைகள் கட்டப்பட்டு நின்றாள். குதிரையேற்றமும் கத்திச் சண்டையும் தெரிந்த நடிகை. சும்மா நிற்கச் சொன்னதில் அவளுக்கே எரிச்சல். ஜம்பு காட்சியைத் தமிழில் விளக்கினார். சூசைமாணிக்கத்தின் கையில் மரக்கத்தியைக் கொடுத்தார்கள். மேத்தா ஸ்டார்ட் சொன்னார்.

சூசைமாணிக்கம் கத்தியை ஓங்கவில்லை.

இரண்டாவது தடவை சொன்னார். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“என்னாச்சு சூசை?” என்று ஜம்பு ஓடி வந்தார்.

“சார், அந்தம்மா தோல் போடல.”

“அதுக்கென்ன?”

“தோல் போடாதவிய மேல கை வைக்கது எங்க வழக்கம் இல்ல.”

குரல் பெரிதாக இல்லை. ஆனால் குன்றுமேல் காற்று இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. பிச்சையா தன் மர வேலைக் கீழே வைத்தான். பூலோகம் வைத்தான். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள்.

மேத்தா நாற்காலியிலிருந்து எழுந்து இந்தியில் கத்தினார். நாளைக்கே வேறு நாற்பது பேரைக் கொண்டுவருகிறேன், பம்பாயில் ஆளுக்கா பஞ்சம் என்றார். ஜம்புவைப் பார்த்து, யார் இவர்களுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். ஜம்பு பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை சேசம்மாள் பிற்காலம் வரை அவருக்கு நல்ல குணமாகவே வைத்துக்கொண்டாள்.

 நாற்பது வீட்டு உலை தன்னால் அணையப் போகிறது என்று சேசம்மாள் நினைத்தாள். கணவனைப் பார்த்தாள். போய் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கத்தியை எடுத்துவிடுவான், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நீங்களாவது விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கம்பத்தில் கட்டிய நடிகையையும் பார்க்கவில்லை. குன்றின் விளிம்பில் நான்கு கம்புகளில் இழுத்துக் கட்டியிருந்த தோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் என்று தெரிந்தே அவள் செய்த ஒன்றுக்கு முன்னால், தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். அதை அவள் கையாலேயே எப்படிக் கலைப்பது?

சேசம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக மேத்தாவிடம் போனாள்.

“நான்தான் சாகேப் சொல்லிக் கொடுத்தது” என்றாள் இந்தியில். அதற்குமேல் இந்தி வராததால் ஜம்புவிடம் திரும்பினாள். “சார், நான் சொல்லுதத அவர்ட்ட அப்பிடியே சொல்லுங்க. தோல் இல்லாதவள இவிய தொட மாட்டாவ. தோல் போட்டிருந்தாத் தொடலாம். அந்தம்மாவுக்கு ஒரு கவசம் மாட்டிவிடுங்க. தலைவனே மாட்டிவிடட்டும். எதிரியோட முதுகுல அவனே முடிச்சுப் போட்டுட்டு, கையில வேலக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் சண்டைக்கு நிக்கட்டும். அந்தம்மாவுக்குத்தான் சண்டை தெரியும்லா?”

ஜம்பு மொழிபெயர்த்தார். மேத்தா வாயைத் திறப்பதற்குள் கம்பத்திலிருந்து குல்நார் பேசினாள். “மேத்தாஜி, முதலில் இந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் காட்சி வேண்டும்.”

மேத்தா ஒரு சிகரெட் பற்றவைத்து, பாதி பிடித்து, மிதித்து அணைத்தார். கவசம் தயாராக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

பூலோகத்தின் கவசம்தான் சிறியது. அதைக் கழற்றி, குல்நாரை ஒரு பாறைமேல் உட்காரவைத்து, தோளில் இரண்டு அங்குலம் வெட்டி, பக்கவாட்டில் மடித்துத் தைத்தாள் சேசம்மாள். விரலில் குத்தூசி இரண்டு தடவை ஏறியது. சாப்பாட்டு வேளை முடிவதற்குள் கவசம் முடிந்தது.

காட்சி ஒரே தடவையில் எடுக்கப்பட்டது. சூசைமாணிக்கம் கயிற்றை அவிழ்த்தான். கவசத்தை எடுத்துவந்து அவள் தோளில் வைத்தான். முதுகுப்பக்கம் போய், வார்களை இழுத்து, நிதானமாக மூன்று முடிச்சுப் போட்டான். பிறகு சுற்றி முன்னால் வந்து வேலை நீட்டினான். சொல்லச் சொல்லி யாரும் கொடுக்காத ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னான்: “முதுகு பத்திரம்.” குல்நாருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவள் தலையைத் தாழ்த்தி வேலை வாங்கிக்கொண்டாள். பிறகு நடந்த சண்டையில் அவன் தோற்று விழுந்தான். படம் அப்படித்தான் போக வேண்டியிருந்தது. 

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சேசம்மாள் கேட்டாள்: “வேலைய விட்டு எடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பிய?”

“தோல் சுமந்திருப்பேன்” என்றான். சற்றுப் பொறுத்து, “நீ வந்து எடுக்கச் சொல்லுவியோன்னுதான் பயந்தேன்” என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய் வரை வந்த வார்த்தையைப் பற்றி அவள் அவனிடம் என்றைக்கும் சொல்லவில்லை.

படம் அடுத்த வருஷம் வெளிவந்தது. மூன்று வாரம் ஓடியது. தாராவியிலிருந்து கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். சேசம்மாளுக்கு அது சந்தோஷத்தையும் ஆத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஆரம்பத்தில் ஒரு கனத்த குரல், ரத்தவெறி பிடித்த காட்டுமிராண்டிகள் என்று இந்தியில் சொன்னது. எருமையின் கதை இல்லை. சிவப்பு முடிச்சு தைத்துத் தனியாக உட்காரும் காட்சியை வெட்டியிருந்தார்கள். அவள் பெயரோ கலீலுல்லா பட்டறையின் பெயரோ எங்கும் வரவில்லை. ஆனால் தலைவன் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போடுகிற இடம் முழுசாக இருந்தது. அந்த இடத்தில் முன்வரிசையில் விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். கடைசியில் கரம்பர்கள் சாகும்போது தியேட்டரில் யாரும் கைதட்டவில்லை. ஹீரோ வந்ததற்கும் தட்டவில்லை. அது போதும் என்று சேசம்மாள் நினைத்தாள். போதாது என்றும் நினைத்தாள்.

தோல் பதனிடும் கூடத்தில் சூசைமாணிக்கம் தொடர்ந்து வேலை பார்த்தான். மேஸ்திரி எப்போதும்போல ஏவினார். ஒருநாள் காய்ச்சலில் கிடந்த ஒருவனைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கச் சொன்னபோது மட்டும், “அவன் இறங்க மாட்டான், நான் இறங்குதேன்” என்று குறுக்கே நின்றான். செய்தி அவன் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது.  அன்று சேசம்மாள் மீன் வாங்கிச் சமைத்தாள்.

அடுத்த நான்கு வருஷத்தில் கலீலுல்லாவின் பட்டறைக்கு ஏழு படங்கள் வந்தன. அரக்கர், கொள்ளைக்காரர், பாலைவனத்து வீரர் என்று பலவிதம். அவற்றில் ஒரு படத்தை மட்டும் அவள் தொடவில்லை. அதில் ஒரு சனம் மனிதரைச் சாப்பிட வேண்டும் என்றார்கள். ஏன் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். பயமாக இருப்பதற்கு என்றார்கள். அது காரணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த வேலை வேறு பட்டறைக்குப் போனது. கலீலுல்லா இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே டீ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

1969இல் ஜம்பு மறுபடி வந்தார். தலையில் பாதி முடி போயிருந்தது. இந்தத் தடவை அவரே டைரக்டர். கையில் எந்தப் படமும் வைத்திருக்கவில்லை.

“கதை இன்னும் எழுதலை” என்றார், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. “ஒரு தீவு. அதுல ஒரு சண்டைக்கார ஜனம். அவ்ளோதான் தெரியும். ஜனம் யாருன்னு நீங்க சொன்னா, அதுலேர்ந்து கதை பண்ணிக்கலாம்னு வந்தேன். மூணு நாள் போதுமா?”

“ஒரு வாரம் வேணும்.”

“சரி, ஒரு வாரம்.”

சேசம்மாள் மடியில் இருந்த தோலை ஓரமாக வைத்தாள்.

“அந்தத் தீவுல மழை பெய்யுமா சார்?” என்று கேட்டாள்.